இரண்டாம் காடி

வைகாசி 23, வெள்ளி

புது நோட்டு. கணக்கு நோட்டு மாற்றும்போது பழைய நோட்டின் நிலுவையை முதல் பக்கத்தில் எழுதுவதுபோல் வீட்டு நிலவரத்தைக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

செண்பகவல்லி என் நாத்தனார். அவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, ஒரே தங்கை. தை மாதம் சாத்தூரிலிருந்து ஒரு பையோடு வந்தாள். புருஷன் வீட்டுக்குத் திரும்பமாட்டேன் என்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. வந்த அன்று எண்ணெய் தேய்த்துவிடும்போது முதுகைப் பார்த்தேன், அது போதும். இப்போது சென்னைக் கம்பெனி ஒன்று, மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளை வீட்டிலிருந்தே சரிபார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனி 2, திங்கள் காலை ஒன்பது மணிக்கு உட்கார வேண்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை பதினோரு மணிக்கு, அவர்கள் அங்கிருந்தபடியே நம் கம்ப்யூட்டரைச் சோதிப்பார்களாம். மெமரி பதினாறு ஜிபி இருக்க வேண்டும். குறைந்தால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

முழுக் கம்ப்யூட்டராக வாங்கினால் தன் தங்க வளையல் இரண்டும் போகும், பாகங்களாக வாங்கினால் ஒன்றோடு முடியும் என்றாள். டிப்ளமோவில் கம்ப்யூட்டர் படித்தவள். ஒன்று போயிற்று. இன்று ஞானதுரை அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஆட்டோவில் ஏழு பெட்டிகள் வந்து இறங்கின.

எதிர்வீட்டுப் பாக்கியம், "என்ன ஆவுடை, சீர் வரிசையா?" என்று கேட்டாள். செண்பகம் காதில் விழாததுபோல் பெட்டிகளை எண்ணினாள்.

மேசையைக் கூடத்தின் கிழக்கு மூலையில் போட்டோம். அங்கேதான் பிளக் இருக்கிறது. சாமி அலமாரி அடுப்படிக்குப் போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக அந்த மூலையில் விளக்கு எரிந்தது. பரவாயில்லை.

"மதினி, சாமி முன்னால வைக்கணும்னா பெட்டியோட வைங்க. தொறந்துராதீங்க. உள்ள இருக்கது ரொம்ப நாசூக்கு. பொட்டுகிட்டு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அப்படியே பெட்டியோடு வைத்துக் கற்பூரம் காட்டினேன். நல்லபடியாக முடிந்தது.

சந்தனக் கல்லைக் கழுவ மறந்து, சாயங்காலம் கழுவினேன்.

வைகாசி 24, சனி

காலையிலேயே ஆரம்பித்தோம். செண்பகம் வீடியோவைப் போட்டுப் போட்டு நிறுத்துவாள், நான் திருகுவேன். அவளுக்குத் திருகிப் பழக்கமில்லை. எனக்கு உண்டு. மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் நானே கழற்றி மாட்டுகிறவைதான். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் இங்கிலீஷ் எழுத்துகளை மாத்திரை அட்டைகளின் முதுகைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

மதர்போர்டு என்பது ஒரு சாண் அகலப் பச்சைத் தகடு. அதில் மெமரிக் குச்சிகளைச் செருக இரண்டு நீளப் பள்ளங்கள். செண்பகம் ஸ்லாட் என்கிறாள். தச்சு வேலைக்காரர்கள் பலகையில் வெட்டும் காடி மாதிரி இருப்பதால் எனக்குக் காடிதான். குச்சியைச் செருகி இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அமுக்கினால் "டக்" என்று கொக்கி விழும். காடிக்கு ஒன்றாக எட்டு ஜிபிக் குச்சி இரண்டு. கூட்டினால் பதினாறு.

மூன்று மணிக்கு ஸ்விட்சைப் போட்டோம். காற்றாடி சுற்றியது. திரை இருட்டு. தகட்டின் ஓரத்தில் அரிசி முனையளவு ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்தது. பக்கத்தில் டி, ஆர், ஏ, எம்.

"மெமரி" என்றாள் செண்பகம். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ராத்திரிக்கு இட்லி போதும் என்று அண்ணனும் தங்கையும் சொன்னார்கள்.

வைகாசி 25, ஞாயிறு

இன்று நான் சொன்னேன், சும்மா மாற்றி மாற்றிச் செருகினால் எது சரி எது தப்பு என்று மறந்துவிடும், எழுதி வைத்துக்கொண்டு செய்வோம் என்று. குச்சிகளின் ஓரத்தில் பென்சிலால் 1, 2 போட்டேன். ஒவ்வொரு தடவையும் கரண்ட் கம்பியைப் பிடுங்கி, பத்து எண்ணி, பிறகே தொட்டோம்.

குச்சி 1, முதல் காடி: படம் வந்தது. எட்டு ஜிபி என்று காட்டியது.
குச்சி 2, முதல் காடி: வரவில்லை.
குச்சி 2-ஐ அழித்துத் துடைத்து மறுபடி முதல் காடி: வந்தது.
குச்சி 1, இரண்டாம் காடி: வரவில்லை.
குச்சி 2, இரண்டாம் காடி: வரவில்லை.
இரண்டும் சேர்த்து: வரவில்லை.

அழித்துத் துடைப்பது வீடியோவில் சொன்ன வழி. குச்சியின் அடியில் வரிசையாக இருக்கும் பொன்நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் வெள்ளை அழிப்பான் மஞ்சளானது. "ஐயோ, தங்க முலாம் போகுது மதினி!" என்று செண்பகம் கையைப் பிடித்தாள். போகாது என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

பிறகு வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்தோம். பிராசசரை எடுத்து, அடியில் கம்பி ஏதும் வளைந்திருக்கிறதா என்று செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாம் நேராக இருந்தன. இரண்டாம் காடி அசையவில்லை.

"குச்சியில கோளாறு இல்ல. காடிலதான்" என்றாள். அவளும் காடி என்கிறாள் இப்போது.

வைகாசி 26, திங்கள்

விசாகம். விரதம். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். கூட்டம்.

மத்தியானம் ஞானதுரை அண்ணாச்சியே வந்தார். நாசரேத்துக்காரர், கோவில்பட்டியில் முப்பது வருஷமாகக் கடை. கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் எழுதிய பட்டியலை முழுக்கப் படித்தார்.

"யார் எழுதினது?"

"மதினி" என்றாள் செண்பகம்.

"எங்க கடைப் பயலுவ ஒருத்தனும் இப்படி எழுத மாட்டான்."

இரண்டாம் காடியிலிருந்து குச்சியை எடுத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்.

"காடிலதான் கோளாறு. கம்பெனிக்கு அனுப்பினா மாத்தித் தருவான். மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா? எனக்கு சனிக்கிழமை சோதனை இருக்கு. ஒத்தைக் குச்சியாப் பதினாறு தாங்க."

"பதினாறு கைவசம் இல்ல பிள்ள. மதுரைல கேட்டாச்சு, அடுத்த வாரம்தான் வருமாம்."

செண்பகத்துக்கு முகம் சிவந்தது. "யாரோ திருப்பிக் கொடுத்த போர்டை என் தலையில கட்டிட்டீங்களா அண்ணாச்சி? பொம்பளதானே, என்ன தெரியப் போகுதுன்னு?"

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். "சீல் பிரிக்காத பெட்டி பிள்ள அது" என்று மட்டும் சொன்னார்.

வாசல்வரை நான் போனேன். செருப்பு மாட்டிக்கொண்டே, பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "இருக்கட்டும் தங்கச்சி. இது பட்டா சீக்கிரம் காஞ்சிரும், தகட்டுக்கு ஒண்ணும் செய்யாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் போர்டு இங்கயே இருக்கட்டும்."

எதற்கென்று நான் கேட்கவில்லை. அடுப்படியில் சாம்பார்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

வைகாசி 27, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

வைகாசி 28, புதன்

செண்பகம் கடையைப் பற்றிச் செல்போனில் எழுதிவிட்டாள். எல்லாரும் பார்க்கிற இடமாம். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்று போட்டு, "பழைய போர்டைப் புதுசு என்று விற்கும் ஏமாற்றுக்காரர், பெண்கள் ஜாக்கிரதை" என்று. எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"ஏமாத்துக்காரர்ங்கிறது கொஞ்சம் அதிகமோ?" என்றேன்.

"நீங்க சாமி கும்பிடுறவுக மதினி. உங்களுக்கு எல்லாரும் நல்லவுகதான்."

சாயங்காலம் வழக்கம்போல் கோயில் விளக்குப் பூஜைக் குழுவின் எண்ணெய், திரிக் கணக்கை எழுத உட்கார்ந்தேன். போன மாதம் நல்லெண்ணெயை ஒரு லிட்டர் கூட எழுதியிருந்தேன். கணக்கு நோட்டில் நான் எதையும் அடிப்பதில்லை, பக்கத்தைக் கிழிப்பதும் இல்லை. அடித்த நோட்டை யார் நம்புவார்கள்? தேதி போட்டுத் "திருத்தம்" என்று கீழே எழுதுவேன். எழுதினேன். ஒரு வரிதான். எழுதியபின் வெகுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

வைகாசி 29, வியாழன்

அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமா வருகிறாராம், கூட இரண்டு பேர். செண்பகத்தைக் கூட்டிப் போகப் பேச்சு.

செண்பகம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நான் போகமாட்டேண்ணே."

"ஏளா, நான் போன்னா சொல்லுதேன்? வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா, அவ வேலை பாக்குதா, வரமாட்டான்னு நான் பேசுவேன். ஒண்ணுமில்லாம என்னத்தச் சொல்லிப் பேச? எத்தனை நாளைக்குன்னு அவுக கேப்பாக."

"எத்தனை நாளைக்குன்னு நீங்க கேக்குதீங்களா?"

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். கெட்டவர் இல்லை. கேள்விக்குப் பயப்படுகிறவர்.

செண்பகம் சாப்பிட்ட தட்டை வழக்கத்தைவிட இரண்டு தடவை அதிகமாகத் தேய்த்துக் கழுவினாள். ஒருத்தி வேண்டாத விருந்தாளி என்று தன்னை நினைத்துவிட்டால் இப்படித்தான் பாத்திரம் கழுவுவாள்.

வைகாசி 30, வெள்ளி

திருத்தம்.

23-ஆம் தேதி, பெட்டியோடு சாமி முன்னால் வைத்தேன் என்று எழுதியது தவறு. பெட்டியைத் திறந்தேன்.

அட்டைப் பெட்டிக்குப் பொட்டு வைத்தால் அது அட்டைக்குத்தானே போய்ச் சேரும்? இந்த வீட்டில் புது அம்மி, புது சைக்கிள், புது பிரஷர் குக்கர் எதுவும் நெற்றி வெறுமையாக உள்ளே வந்ததில்லை. மதர்போர்டு என்று பேர் வேறு. தாய்க்கு வைக்காமலா? பையிலிருந்து எடுத்து மனைப்பலகையில் வைத்து, நான்கு மூலைக்கும் சந்தனம் வைத்தேன். நடுவில் நீளமாக நிலைப்படி மாதிரி இரண்டு இருந்தன. ஓரத்தில் இருந்ததற்கு, வாசல் நிலைக்கு வைப்பதுபோல், கெட்டியாகக் குழைத்து ஒன்று, அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. முந்தானையால் அவசரமாகத் துடைத்தேன். மூலைகளில் போய்விட்டது. காடியில் போகவில்லை, உள்ளே இறங்கிவிட்டது. ஊதினேன். பெட்டியில் வைத்து மூடினேன்.

பக்தியால் செய்தேன் என்றுதான் முதலில் எழுத வந்தேன். அதுவும் முழுக் கணக்கு ஆகாது. என் விளக்கு எரிந்த மூலையில் நின்றுகொண்டு, என் வீட்டில், பொட்டு வைக்காதே என்று என்னிடம் சொன்னாளே என்று இருந்தது.

27-ஆம் தேதி எழுத ஒன்றும் இல்லை என்றதும் தவறு. அன்று செண்பகம் பாங்கிக்குப் போயிருந்தபோது கம்ப்யூட்டர் கூடான கேபினெட்டின் மூடியைக் கழற்றி ஸ்பிரிட்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டுக்குள் இருட்டு. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பிரஷ், காடியின் உள்ளே முடிபோன்ற கம்பிகள். ஒன்று வளைந்தாலும் போச்சு. மூடிவிட்டேன்.

இன்று காலை விளக்கேற்றிவிட்டு, கூடத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"நாலு நாளா அந்த மனுசன நான் ஏசிக்கிட்டு இருந்தேன். நீங்க காப்பி போட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"அவரு மோந்து பாத்தாரே, அப்பவே தெரியுமா அவருக்கு?"

"தெரியும்னு நெனைக்கேன்."

"நான் போகட்டும்னு நெனைச்சீங்களா மதினி?"

இதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும் எழுதுகிறேன். "மூலை திரும்பக் கிடைக்கட்டும்னு ஒரு நிமிஷம் நெனைச்சிருப்பேன். நீ போகட்டும்னு நெனைக்கல" என்றேன்.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். திரும்பி வந்தபோது கையில் டார்ச் இருந்தது.

"நான் பிடிக்கேன். நீங்க தொலக்குங்க. சந்தனம் எப்படிப் போகும்னு எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தான தெரியும்."

தெரியும். எங்கள் பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்பில் காய்ந்த சந்தனத்தை வெள்ளிக்கு வெள்ளி நான்தான் எடுக்கிறேன். தண்ணீர் ஊற்றினால் குழைந்து இன்னும் உள்ளே போகும். முதலில் காய்ந்தபடியே உதிர்க்க வேண்டும், குறுக்கே தேய்க்காமல் மடிப்பின் போக்கிலேயே. அதற்கென்று குழந்தைகள் பல் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ் ஒன்று வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்காத ஒன்று இருந்தது, அதை எடுத்தேன்.

தகட்டை வெளியே எடுத்துத் துணியில் வைத்தோம். முதலில் கவிழ்த்துப் பிடித்து உலர்ந்த பிரஷால். செண்பகம் வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்தாள். கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் துணுக்குகள், கொஞ்சம் சிவப்பு. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்து, உதறி, நீளவாக்கில். கூடம் முழுக்க ஆஸ்பத்திரி வாசமும் கோயில் வாசமும் சேர்ந்து அடித்தது.

"எந்தக் கடைக்காரனும் இத நம்பமாட்டான்" என்று செண்பகம் சிரித்துவிட்டாள். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இன்னும் கோபம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமாம்.

குச்சி இரண்டையும் அப்படியே துடைத்தோம். ஒரு மணி நேரம் காயவிட்டோம். அந்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் புளி உரித்தோம்.

மாட்டிய பிறகு:

குச்சி 1, இரண்டாம் காடி: வந்தது.
இரண்டும் சேர்த்து: ஆரஞ்சு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. செண்பகம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அணைந்தது. படம் வந்தது.

பதினாறு.

வைகாசி 31, சனி

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. பத்து நிமிஷம். "ஓகே மேடம், திங்கள் லாகின் பண்ணுங்க" என்றாள்.

மத்தியானம் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். நான் பேச வாயெடுப்பதற்குள் செண்பகம் சொன்னாள்: "அண்ணாச்சி, நான் எழுதினத எடுத்துட்டேன். தப்பு எங்க மேலதான். உங்களைப் பேசினதுக்கு மன்னிச்சிருங்க."

எங்க மேல என்றாள். மதினி மேல என்று சொல்லவில்லை.

"தப்பு என் மேல" என்று நான் சொன்னேன்.

அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சந்தனம் பரவால்ல தங்கச்சி. போன வருசம் ஆயுத பூஜைக்கு ஒருத்தர் எலுமிச்சம்பழத்த கேபினெட்டுக்குள்ள வச்சு மூடிட்டாரு. காத்தாடி சுத்தினதும் வீடெல்லாம் ஜூஸு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றாள் செண்பகம்.

"நான் சொன்னா அது கோள் பிள்ள. வீட்டுக்குள்ள இருக்கது, வீட்டுல உள்ளவுக சொல்லட்டும்னு விட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு நாளாகும்னு நெனைக்கல" என்றார்.

அந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து இரண்டு பேர் ஆர்டரை நிறுத்திவிட்டார்களாம். கடையிலிருந்த பையன் சொன்னான். அவர் சொல்லவில்லை. அவர்கள் பேர் கேட்டு வாங்கி, இரண்டு வீட்டுக்கும் செண்பகமே போனில் பேசினாள். ஒருவர் திரும்ப வருவதாகச் சொன்னார். இன்னொருவர் வேறு கடையில் வாங்கிவிட்டார். அது திருத்த முடியாத வரி.

ஆனி 1, ஞாயிறு

வந்தார்கள். கேசரி, வடை. தாய்மாமா மேசையைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்குள்ள உக்காந்து பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

என் வீட்டுக்காரர், "நாளையிலேர்ந்து ஒம்பது மணிக்கு உக்காருதா. எழுத்துல உத்தரவு வந்திருக்கு" என்றார். குரல் கொஞ்சம் கம்மியதுதான். ஆனால் சொன்னார்.

"எத்தனை நாளைக்கு இங்கயே வச்சுக்கிடுவீங்க?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் வடைத் தட்டோடு அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தேன். ஆண்கள் பேசும்போது கூடத்தில் நான் பேசுகிற வழக்கமில்லை.

"நாங்க வச்சுக்கிடல. அவ இங்கதான் இருக்கா" என்றேன். "அந்த மூலைய அவளுக்குக் கொடுத்தாச்சு."

வடையை யாரும் மிச்சம் வைக்கவில்லை. நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

ஆனி 2, திங்கள்

எட்டே முக்கால். செண்பகம் தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்துதானே வேலை, நைட்டி போதாதா என்று கேட்டதற்கு, போதாது என்றாள்.

நான் அடுப்படியில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன்.

"மதினி, சந்தனம் அரைச்சாச்சா?"

"எதுக்கு?"

"கொண்டாங்க."

கிண்ணத்தோடு போய் நின்றேன். கேபினெட்டின் கதவில் நான்கு திருகும் இறுக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

"வெளிய வைங்க. கொஞ்சமா. கையத் தொடைச்சுட்டு."

கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று வைத்தேன். ஒன்பது மணிக்கு அவள் ஸ்விட்சைப் போட்டாள். ஆரஞ்சு விளக்கு எரிந்து அணைந்தது.

பால் ஒரு லிட்டர். புளியை வெயிலில் காயப்போட்டேன். இன்று எழுதியதில் திருத்தம் இல்லை.